செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கேப்டன்

மனைவி சாந்தாமணி சொன்ன அந்தக் கடைசிப் பாகத்தை மருதாசலம் பல வருஷங்களாகவே நம்பவில்லை. இதை அவர் தனக்குத் தானேகூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பேக்கரி மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, டீ டம்ளரின் சூட்டுக்கு விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிக்கொண்டார். நம்பவில்லை. ஆனால் ஊரெல்லாம் சொன்னது நான்தான். நம்பாத ஒன்றை ஒருவன் எதற்காக இத்தனை வருஷம் சொல்லித் திரிவான்? நல்லவேளையாக யாரும் அப்படிக் கேட்கவில்லை. “ஆரம்பிங்கண்ணா, இன்னிக்கு உங்க முறை, டீ ஆறுது” என்றான் அப்சல். காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததும் அவன்தான். பக்கத்தில் ஹேமா, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். எதிரே டைட்டஸ், கூரியர் ஆபீஸ்காரன், நாற்காலியில் உட்கார்ந்தால் பப்ஸ் வராமல் எழுந்திருக்க மாட்டான். வெள்ளிக்கிழமைதோறும் டிவியில் ‘சுழற்பாதை’ என்ற விண்வெளித் தொடரின் புதுப் பாகம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை இந்த மேஜையில் அதைப் பேசித் தீர்க்கிறார்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் பார்த்ததுதான் என்றாலும் ஒருவர் அந்தப் பாகத்தை முதலிலிருந்து கடைசிவரை கதையாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. திரையில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டால் மட்டும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டலாம். அதற்கு ஒட்டு என்று பெயர். ஒட்டுப் போட்டவர் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும். ஆரம்பத்தில் விளையாட்டாக வைத்ததுதான், போகப் போகத்தான் தெரிந்தது, ஒட்டுப் போடாமல் கதை சொல்ல யாராலும் முடியவில்லை என்று. பார்த்தது இரண்டு நாளைக்குள் தலைக்குள் தானாக வேறொன்றாகிவிடுகிறது. ஹேமாகூட ஒரு தடவை இல்லாத ஒரு நாயைக் கப்பலுக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

சரி என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் நிலாவிலிருந்து பழைய கப்பலைத் தேடிப் போகிறாள், கேப்டன் மாலதியின் மகள், அம்மாவின் கப்பல். குரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அது போகட்டும் என்று விட்டுவிட்டு அவர் வேறெங்கோ இருந்தார், ஆவாரம்பாளையத்து லைன் வீட்டில், காலை வெயில் சமையல்கட்டுக்குள் ஒரு முழம் வந்திருக்கும் நேரத்தில். அப்போது ‘சுழற்பாதை’ பழையது, கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் பல்பு எரியவிட்டு அதுதான் வானம் என்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரும். அவருக்குப் பம்பு கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்டு, ஒரு பாகம்கூட முழுசாகப் பார்க்க வாய்க்கவில்லை. சாந்தாமணி பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், மறுநாள் காலையில் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டே சொல்வாள். கப்பல் குலுங்கினால் அம்மிக் குழவி நின்றுவிடும். அவர் இட்லியைப் பிட்டபடி கையை அந்தரத்தில் வைத்திருப்பார். கல்யாணமாகி ஒரு வருஷம், இருவரும் அதிகம் பேசிக்கொண்டது கேப்டன் மாலதியைப் பற்றித்தான். வேறு எதைப் பேசுவது? தண்ணீர் வரவில்லை என்பதையா? ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்பதையா? ஷிஃப்டு முடிந்து வந்தால் எண்ணெய் நாற்றம் சோப்புக்கும் போகாது என்பதையா? அவள் மூக்கைச் சுளித்ததே இல்லை, அதுதான் அவரை உறுத்தியது, சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தாராபுரத்தில் அவள் அண்ணன் அவளுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து வைத்திருந்தான், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் வேலை. வா என்று கூப்பிட்டான். சாந்தாமணி போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போ என்றோ இரு என்றோ இவரும் சொல்லவில்லை. தொடரின் கடைசி வாரம் முழுக்க அந்தப் பேச்சு, குழம்புக்கு உப்புப் போட்டதா இல்லையா என்பதுபோல் யாரும் தொடாமல் கிடந்தது.

“ம்ம், அந்தக் கதவைத் தொறந்துட்டா, அப்புறம்?” என்றான் டைட்டஸ், பேசக் கூடாது என்பதை மறந்து. கதவைத் திறந்துவிட்டாளா? தன் வாய் எவ்வளவு தூரம் வந்துவிட்டது! இன்னும் கொஞ்சம்தான், அம்மாவின் பழைய பதிவை மகள் ஓட்டிப் பார்க்கிற இடம் வரப்போகிறது. தயாரித்தவர்கள் எங்கிருந்தோ பழைய நாடாவைத் தேடியெடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கறுப்புத் துணி வானம், பல்பு நட்சத்திரம், கேப்டன் மாலதி. வெள்ளிக்கிழமை அவர் அதைப் பார்த்தார். சாந்தாமணி அப்போது மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அவள் இதையெல்லாம் இப்போது பார்ப்பதில்லை. டிவியை அவசரமாக அணைத்தார். எதற்கு அணைத்தேன்? அவள் பார்த்துவிடுவாள் என்றா? பார்த்தால் என்ன, அவளுக்குத் தெரியாததா அதில் இருக்கிறது? அல்லது தனக்குத் தெரியாததா? ராஜாமணி அக்கா ஒரு கிரகப்பிரவேசத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே சொல்லவில்லையா? “கடைசி வாரம் பாரு, நம்ம லைனுக்கே கரண்ட்டு போயிருச்சு. ஒருத்தியும் பாக்கல. எனக்கு இன்னிக்கி வரைக்கும் ஆத்தாமை தீரல தம்பி.” அவர் ஜாங்கிரியை மென்றார், மென்றுகொண்டே இருந்தார், அதில் மெல்ல என்ன இருக்கிறது. அக்காவுக்கு வேறு வாரம் ஞாபகமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். சாந்தா வேறு வீட்டில் போய்ப் பார்த்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டார். அதற்கும் முன்னாலேயே, அவள் கடைசிப் பாகத்தைச் சொன்ன அந்தக் காலையிலேயே, ஒரு சொம்பு இடித்தது. மாலதி சொம்பில் தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றினாள் என்றாளே, ஆகாசத்தில் ஏது சொம்பு? மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற அவர் வேலையில், கம்பியில் எங்கோ ஓரிடத்தில் எனாமல் உரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தெரிந்தும் மேலே மேலே சுற்றிக்கொண்டு போனால் மோட்டார் ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் சுற்றினவனுக்குத் தூக்கம் வராது. அந்த வாரம் கம்பெனியில் முதல் ஷிஃப்டுக்காரன் எவனிடமும் அவர் கதை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எவனோ “சுழற்பாதை முடிஞ்சுதாமா” என்று ஆரம்பித்தபோது தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனார். எழுந்து போனவனுக்குத் தெரியாமலா இருந்தது?

இப்போது எழுந்து போக இடமில்லை. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் இந்த இடம் வருகிறது என்று தெரியும், இதற்காகத்தான் இன்றைக்கு அவர் முறை என்பதை அப்சல் மாற்றாமல் விட்டிருக்கிறான். கூட்டத்தில் பழைய தொடர் வந்த காலத்து ஆள் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதுதான் இவர்களுக்குக் கடைசிப் பாகம். அப்சல் அதை அழகாக எழுதி அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டான், செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கேப்டன் என்று. அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று, மலேசியாவில் ஒரு பெண் அதைச் சித்திரமாக வரைந்து அனுப்பினாள், மாலதி, கையில் சொம்பு, பின்னால் பூமி. அந்தச் சித்திரத்தைப் பார்த்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் சித்திரம் நன்றாக இருந்தது. “அந்தப் பதிவுல, மாலதி பூமிக்குத் திரும்பற கூண்டுக்குள்ள ஏறி உக்கார்றா. ஒரே ஆளுக்குத்தான் எடம். கீழ இருந்து வா வான்னு கூப்பிடறாங்க. பெல்ட்டைப் போடறா” என்றார். அதுவரை திரையில் இருந்தது. அதற்குப் பிறகு கதவு மூடுகிறது, அவள் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டுகிறாள், கூண்டு பிரிந்து போகிறது. மூன்றே வார்த்தை. கதவு மூடுது, போயிடறா. சொல்லிவிட்டால் ஒட்டு இல்லை, நடுவில் வாயைத் திறந்ததற்குப் பப்ஸ் டைட்டஸ் தலையில் விழும், எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள், அப்சல் பக்கத்தைத் திருத்திக்கொள்வான், ஒருவரும் அவரைக் குத்திக்காட்ட மாட்டார்கள், வயசான ஆள், ஞாபகப் பிசகு. அந்தக் கரிசனம்தான், அவர்கள் முகத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்த அந்தக் கரிசனம்தான் அவரை உசுப்பிவிட்டது. “போட்ட பெல்ட்டைக் கழட்டறா” என்றார். அப்சல் தட்டினான். “கூண்டை விட்டு எறங்கறா.” ஹேமா தட்டினாள், மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல. “கூண்டு ஆளில்லாம போகுது. இவ செடி இருக்கற அறைக்குப் போயி, தனக்குன்னு வெச்ச குடிக்கற தண்ணிய எடுத்து ஊத்தறா. யாருக்காகவும் இல்ல, செடி வாடுதேங்கறா.” மூன்று பேரும் தட்டினார்கள், டம்ளர்கள் குதித்தன, பக்கத்து மேஜையில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. “தட்டுங்க” என்றார் மருதாசலம். “நல்லாத் தட்டுங்க. மேஜை என்னுதா, எனக்கென்ன.”

“அண்ணா, வீடியோவே இருக்குதுங்ணா” என்றான் அப்சல், செல்போனை எடுத்து நீட்டினான். அவர் பார்க்கவில்லை. “அது எடுத்தது. நான் நடந்ததைச் சொல்றேன்” என்றார். சொன்ன பிறகு அது எவ்வளவு கிறுக்குத்தனமான பேச்சு என்று அவருக்கே கேட்டது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள மனசில்லை. “எடுக்காதது எப்பிடிங்ணா நடக்கும்? இது என்ன, சொந்தக்காரங்க வீட்டுக் கதையா?” என்று டைட்டஸ் சிரித்தான். ஹேமா சிரிக்கவில்லை, அவள் எப்போதும் கணக்குப்போலப் பேசுவாள். “ஒரு நிமிஷம் யோசிங்கண்ணா. மாலதி எறங்கி அங்கயே இருந்திருந்தா இந்தத் தொடரே இல்ல. அவங்க பூமிக்கு வந்ததாலதான் இந்தப் பொண்ணு பொறந்தா. தங்கியிருந்தா மக எப்படிப் பொறந்திருப்பா?” அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்பதுபோல் டீயைக் குடித்தாள். மருதாசலம் அதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். தங்கியிருந்தால் மகள் எப்படிப் பிறந்திருப்பாள். சாந்தா என் வீட்டில் தங்கியதால்தானே மகள் பிறந்தாள், இந்துமதி, ஓசூரில் வேலை, நேற்றுக்கூட மிக்ஸி ஜாடிக்கு வாஷர் எங்கே கிடைக்கும் என்று போனில் கேட்டாளே. கதவு மூடியிருந்தால் அவள் ஏது, வாஷர் ஏது. இதை இந்த மேஜையில் சொல்ல முடியுமா? சொன்னால் புரியுமா? புரிந்துவிட்டால் அது இன்னும் மோசம். “எறங்குனாலும் பொறப்பா” என்றார், சத்தமாகவே. “அங்கயும் தண்ணி இருக்கு, செடி இருக்கு, பொறப்பா.” “ஆரோடண்ணா?” என்றான் டைட்டஸ், இந்தத் தடவை ஹேமாவே சிரித்துவிட்டாள், அப்சல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “பப்ஸு நான் வாங்க மாட்டேன்” என்றார். “ஒட்டுப் போட்டாத்தான பப்ஸு? இது ஒட்டு இல்ல.” “அப்ப பேஜ்ல என்னங்ணா பண்றது? எடுத்துரட்டுமா? வெள்ளிக்கிழமைல இருந்து ஆளாளுக்குக் கேக்கறாங்க, பொய் சொன்னது யாருன்னு” என்றான் அப்சல். பொய் என்ற சொல் மேஜையின் நடுவில் விழுந்தது. அவர் கையைத் தூக்கினார், எதற்கென்று தெரியாமல், ஈயை விரட்டுவதுபோல. “எடுக்காத” என்றார். “எம் பேரைப் போட்டு அப்படியே வை.” அப்போது டைட்டஸ்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், “உங்களுக்கு அதைச் சொன்னது வீட்ல இருக்கற அக்காதானுங்ளே? அவங்களுக்கே ஒரு போனைப் போட்டுக் கேட்டுருங்களேன், முடிஞ்சுது” என்றான்.

முடிஞ்சுதாம். அவர் எழுந்தார். மூன்று பேரும் அவர் போன் பேசத்தான் போகிறார் என்று நினைத்தார்கள், அவர் வெறுமனே படியிறங்கத்தான் எழுந்தார், ஆனால் இறங்கும்போதே கை செல்போனைத் தேடிக்கொண்டிருந்தது. கீழே அடுப்பிலிருந்து பன் வாசனை மாடிப்படி முழுக்க ஏறி நின்றது. என்ன கேட்பது? நீ பார்க்கவே இல்லையா என்றா? அது தெரியும். எங்கே போயிருந்தாய் என்றா? அதுவும் தெரியும், தெரியாது என்று இனிமேலும் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலையில் அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டாரே, பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் தகரப் பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது, தூசி துடைத்து. எழுந்து முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனால் கறிவேப்பிலைச் செடியின் அடியில் மண் நனைந்திருந்தது. தண்ணீர் வராத வாரம் அது, குடத்தில் கிடந்தது குடிக்க வைத்த சிறுவாணித் தண்ணீர் மட்டும், அதை ஒரு சொட்டுக்கூடக் கைகழுவ விடமாட்டாள். அதை எடுத்துச் செடிக்கு ஊற்றியிருந்தாள். சொம்பு செடியோரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவள் புடவைக் கரையில் சேறு. அண்ணன் வந்திருக்கிறான், கரண்ட் போன இருட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போயிருக்கிறாள், ஆட்டோவில் உட்கார்ந்துகூட இருக்கலாம், பிறகு இறங்கி வந்திருக்கிறாள். வந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். மறுநாள் அம்மியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மாலதி இறங்கிவிட்டாள் என்றாள். “அப்புறம்?” என்றார் அவர். “அவ்வளவுதான். முடிஞ்சுது” என்றாள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், விளையாட்டாக, இந்துமதி பிறந்த பிறகு, சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்த பிறகு, அப்புறம் அந்த மாலதி என்ன பண்ணினாள் என்று. அவ்வளவுதான், முடிஞ்சுது. முடியவில்லை சாந்தா. முடிந்திருந்தால் நான் ஏன் அதையே ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்? கேட்கிறவன் முகத்தில் எதைத் தேடினேன்? ஒருவனாவது, அவள் செய்தது சரி என்று சொல்வான் என்றா? எல்லாரும்தான் சொன்னார்கள். மலேசியாவில் இருக்கிறவள்கூடச் சித்திரம் வரைந்து சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாளே. யாருக்காகவும் இல்லை, செடி வாடுதே. இந்த வரிக்குள் நான் எங்கே இருந்தேன்? செடியாகவாவது இருந்தேனா? பயம் என்று இதற்குப் பெயர் வைத்தால் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் வேறு பெயர் இல்லை. ஐம்பத்தைந்து வயதில், மோட்டார் கரண்ட் அடித்தாலும் கையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கிறவன், ஒரு பொம்பளையின் அந்த ஒரு வாரத்தைக் கண்டு பயந்திருக்கிறேன். சரி, பயந்தேன். இருக்கட்டும். நாடா கிடைத்துவிட்டதாம், அதனால் கதை மாறிவிட்டதாம், எவனோ ஒரு டைரக்டர் அரங்கத்தில் விளக்கைப் போட்டு அவளை அனுப்பிவைத்தானாம். அனுப்பட்டும். ஈர மண்ணைப் பார்த்தது என் கண். அதை எந்த நாடாவாலும் அழிக்க முடியாது. பேக்கரி வாசலில், பைக்குகளுக்கு நடுவே நிழல் பார்த்து நின்று அவள் எண்ணை அழுத்தினார்.

“ஏனுங்க, சொல்லுங்க” என்றாள் சாந்தாமணி. பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

“என்ன பண்ணிட்டிருக்கற?”

“அரிசிம்பருப்பு சாதம் வெச்சிருக்கேன். விசிலுக்கு நிக்கறேன். உங்க கூட்டம் முடிஞ்சுதுங்ளா?”

“இல்ல. அந்த மாலதி...”

“எந்த மாலதி?” என்றாள். பிறகு, “ஓ, அவளா. அவளுக்கென்ன இப்போ?”

“வெள்ளிக்கிழம பழைய படத்தையே போட்டுட்டாங்க சாந்தா. அவ எறங்கலியாம். கூண்டுலயே போயிட்டாளாம். கையை வேற ஆட்டறா.”

மறுமுனையில் குக்கர் சத்தம் மட்டும். மேலே ஜன்னலில் டைட்டஸ் தலையை நீட்டி, என்ன ஆச்சு என்று கையால் கேட்டான். மருதாசலம் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். விசில் வந்தது, நீளமாக, அது அடங்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“அப்பிடின்னா அவனுங்க தப்பா எடுத்திருக்கானுங்க” என்றாள் சாந்தாமணி. கோபம் எதுவும் இல்லை, சாதத்துக்கு உப்புப் பார்த்துச் சொல்கிற குரல்தான். “நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“எறங்குனான்னுதான் சொன்னேன். பப்ஸும் வாங்கித் தரமாட்டேன்னுட்டேன்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முப்பது வருஷம் ஆகும், அவ்வளவு வருஷம் அவரிடம் இல்லை. கேட்டார்.

“எறங்குனதுக்கு அவ பின்னாடி எப்பவாச்சும் வருத்தப்பட்டாளா, சாந்தா?”